குடத்தில் வந்த தலைவர்

எங்கள் ஊரில் ஒரு பழைய தோணியை விலை பேசப் போனால் நான்கைந்து பேர் சேர்ந்துதான் போவார்கள். ஒருவர் பலகை பலகையாக விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். இன்னொருவர் குனிந்து மூட்டுகளில் நகத்தை விட்டுக் கிளறுவார். யார் ஓட்டியது, எங்கே ஓடியது, நன்றாக இருப்பதை எதற்கு விற்கிறாய் என்று கேட்டுக் கேட்டே விற்பவனை அழவைத்துவிடுவார்கள். பெண் பார்க்கப் போனாலும் இதே கதைதான். நான் பால்வாடி டீச்சர் வேலைக்குப் போனபோது பொன்னேரிக்கு வரச்சொல்லி, மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். பிள்ளைக்கு வயிற்றால் போனால் என்ன கொடுப்பாய், கஞ்சி அடிப்பிடித்துவிட்டால் என்ன செய்வாய், இரண்டு பிள்ளைகள் ஒரே பொம்மைக்கு அடித்துக்கொண்டால் யாரிடமிருந்து பிடுங்குவாய். உப்புக்கும் புளிக்கும் சரியாகப் போகிற சம்பளத்துக்கு அத்தனை கேள்வி.

ஊராட்சித் தலைவர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்தபோது மட்டும் நாங்கள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் என் அண்ணன். இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆனதற்கு அதுதான் காரணம்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் திட்டு. கிழக்கே கடல், மேற்கே ஏரி. உப்பு வேண்டுமானாலும் உப்பில் போட மாங்காய் வேண்டுமானாலும் தோணி ஏறித்தான் போக வேண்டும். பிரசவத்துக்கும் அப்படித்தான். ஊரின் வடகோடியில் ஓர் ஆழமான கால்வாய் உண்டு. வருடம் முழுவதும் தண்ணீர் நிற்கிற இடம் அது ஒன்றுதான். வீடுகளிலிருந்து முள்ளும் மணலுமாக வெகுதூரம் நடந்தால் அந்தப் பழைய துறை வரும். என் தங்கை வலியோடு அந்த மணலில் நடக்கும்போதே முதல் பிள்ளை போயிற்று. இரண்டாவது தோணியில் போயிற்று. இரண்டுமே எழுபதுகளின் கடைசி வருடங்களில்.

தங்கையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் வீட்டில் சிரிப்பு என்று ஒன்று இருந்தது அவளால்தான். யார் எப்படி நடப்பார்கள், யார் எப்படித் தும்முவார்கள் என்று அப்படியே செய்து காட்டுவாள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகும் அந்தக் குறும்பு போகவில்லை. ஆனால் பால்வாடிக்கு வந்தால் பிள்ளைகளைத் தூக்கவே மாட்டாள். வாசலில் நின்று பேசிவிட்டுப் போய்விடுவாள். நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன், அவள் என்னையும் சிரிக்க வைத்திருப்பாள்.

அண்ணன் எங்கள் இருவருக்கும் மூத்தவர். படிக்கட்டும் என்று சின்ன வயதிலேயே மெட்ராஸில் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஒரு மில்லில் கணக்குப் பார்க்கிற வேலையில் உட்கார்ந்தார். படிக்கிற காலத்திலிருந்தே தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் ஊருக்கு வருவார், கோடை விடுமுறைகூட மெட்ராஸில்தான். கை நிறைய பன்னும் பிஸ்கட்டும் இருக்கும். முழங்கை வரைக்கும் மடித்த சட்டை, வகிடு கலையாத தலை. தங்கை அவரை "பட்டணத்தாரே" என்றுதான் கூப்பிடுவாள். தோணியில் ஏறும்போது அவர் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொள்வதை நடித்துக் காட்டாத பொங்கல் கிடையாது. அண்ணனும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நல்லவர். இன்றைக்கும் சொல்கிறேன், அவரைப் போல் நல்ல மனிதரை நான் பார்க்கவில்லை. அந்த மில் மூடியதும் ஒரு கார்த்திகை மாதத்தில் பெட்டி படுக்கையோடு ஊருக்கே வந்துவிட்டார்.

அவர் வந்த சில மாதங்களில், பல வருடமாக நடக்காமல் கிடந்த ஊராட்சித் தேர்தல் வந்தது. எண்பதுகளின் நடுவில். சுற்றியுள்ள குப்பங்களில் எங்களுடையது பெரியது, நாங்கள் யாரை நிறுத்துகிறோமோ அவர்தான் தலைவர். ஊரில் இரண்டு பெயர் அடிபட்டது. ஒன்று அண்ணன். ஆபீஸில் போய்ப் பேசத் தெரிந்தவர், கையெழுத்து அழகாக இருக்கும் என்றார்கள். இன்னொருவர் எதிர்த்தெரு மாமா. ஏரியில் அவருக்குத் தெரியாத இடம் இல்லை, ஆனால் வாயைத் திறந்தால் சண்டை. சட்டை போட்ட எவனைக் கண்டாலும் அவருக்கு ஆகாது. இவரை ஆபீஸுக்கு அனுப்பினால் ஊருக்கு வருகிற மண்ணெண்ணெயும் நின்றுபோகும் என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

இரண்டு தெருவும் முறைத்துக்கொண்டன. கிணற்றடியில் பெண்கள் பேசிக்கொள்வது நின்றது. அப்போதுதான் எங்கள் நைனா, அதாவது அப்பா, ஒரு யோசனை சொன்னார். அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஏரி வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஏரியில் இறால் படுகிற இடங்களைப் பாடு என்போம். எல்லாப் பாடும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்றில் வலை நிறையும், ஒன்றில் பாசிதான் வரும். யாருக்கு எந்தப் பாடு என்று அடித்துக்கொண்டால் ஊர் உருப்படாது. அதனால் அம்மன் கோயில் எதிரில் குடத்தை வைத்து, ஒவ்வொரு வீட்டுக் குறியையும் ஓலைத்துண்டில் கீறிப் போட்டு, பூசாரி கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். வந்த வரிசையில் பாடு. வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை முணுமுணுக்கக் கூடாது. முணுமுணுத்தால் அபராதம், அதோடு அம்மன் எதிரில் விழுந்து கும்பிட்டு ஊரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சிறு வயதில் ஒரு வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தது ஏரியிலேயே மோசமான பாடு. கஞ்சிக்கே தாளம் போட்டோம். அப்போது உயிரோடிருந்த அம்மா, நைனாவிடம் ஒரு நாள் வாயைத் திறந்துவிட்டார்.

"சீட்டுல வந்தத கொற சொல்லக் கூடாது. இன்னிக்கு நம்ம வூடு, நாளைக்கு அவன் வூடு. சாமி குடுத்தது" என்றார் நைனா. அம்மா கஞ்சிப் பானையைக் கழுவப் போய்விட்டார்.

அதைப்போல நியாயமான ஏற்பாட்டை நான் எங்கும் பார்த்ததில்லை. ஏழை பணக்காரன் இல்லை, சிபாரிசு இல்லை. ஆனால் ஒன்றை நாங்கள் யோசிக்கவில்லை. குடத்தில் பெயர் விழுகிற ஒவ்வொருவனுக்கும் வலை கட்டத் தெரியும். சீட்டு யாருக்கு வந்தாலும் அவன் அந்த வேலையைச் செய்துவிடுவான். அந்தத் தைரியத்தில்தான் அந்தக் குடம் நின்றது.

தேர்தலுக்காகக் கோயில் எதிரில் ஊர் கூடிய அன்று நைனா எழுந்து நின்றார்.

"ரெண்டு தெருவும் அட்ச்சிக்கினு சாவணுமா? பாட்டுக்கு இன்னா செய்றோமோ அத்தயே செஞ்சிட்டுப் போலாம். குடத்த எடுங்கப்பா."

எல்லோருக்கும் ஒரு பெருமூச்சு வந்தது. இத்தனை சுலபமான வழி இருக்க எதற்குச் சண்டை போட்டோம் என்று சிரித்துக்கொண்டார்கள். ஓலை இரண்டே இரண்டு. பூசாரி கையை விட்டு எடுத்தார். எங்கள் வீட்டுக் குறி.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். முகத்தில் ஒரு சுணக்கம் இல்லை. அதுதான் எங்கள் ஊர்.

அன்றைக்கு எழுந்த ஒரே சந்தேகம் என் தங்கை எழுப்பியது. பெண்கள் பக்கத்திலிருந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க அண்ணனுக்குத் தோணி தள்ளவே தெரியாதே, இவரு இன்னாத்த ஊரத் தள்ளப் போறாரு?" என்றாள். கூட்டமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். சிரித்ததோடு அது முடிந்துவிட்டது.

வெகுகாலம் கழித்து, என் மகளின் வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் குடவோலை முறையைப் படித்தேன். அந்தக் காலத்து ஆட்களும் குடத்தில்தான் ஓலையைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பெயரையும் சலித்திருக்கிறார்கள். வயது என்ன, படித்தது என்ன, முன்னால் பொறுப்பில் இருந்தபோது கணக்குக் காட்டினானா என்று. அவர்கள் கேட்ட தகுதிகளைப் பார்த்தால் எங்களைப் போன்றவர்களின் பெயரைக் குடத்தின் பக்கத்திலேயே விட்டிருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம். இருந்தாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் அழுதேன். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பெண் என்னைப் பார்த்துப் பயந்துபோனாள்.

அண்ணன் தலைவரானதும் முதலில் எங்கள் தங்கை வீட்டுக்குத்தான் வந்தார். நானும் இருந்தேன். ஏரித் தீவுகளுக்குப் படகுத்துறையும் அரசாங்க மோட்டார் போட்டும் கொடுக்கப் போகிறார்கள், உத்தரவு ஏற்கனவே ஆகிவிட்டது, இடம் காட்டினால் போதும் என்று சொன்னார். சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்த்தார்.

"அடுத்த தபா நீ நடக்க வேணாம்மா. வூட்டாண்டயே போட் வந்து நிக்கும். நானே உன்ன இட்டுனு போறேன்."

தங்கை அன்றைக்கு அவரைக் கேலி செய்யவில்லை. டீ போட உள்ளே போனாள். வெகுநேரம் டீ வரவேயில்லை.

மாசி முடிவதற்குள் எஞ்சினியர் வந்துவிட்டார். அன்று நான் ஊரில் இல்லை, பொன்னேரியில் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு. நடந்ததைப் பின்னால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாசியில் ஏரி நிறைந்திருக்கும். கோயிலுக்கு நேர் எதிரே, வீடுகளை ஒட்டி, இடுப்பளவு தண்ணீர் பளபளவென்று நிற்கும். அண்ணன் அவரை அங்கேயே கூட்டிக்கொண்டு போனார். வடகோடித் துறை எதற்கு, பிள்ளைத்தாய்ச்சிகள் எதற்கு அத்தனை தூரம் நடக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எண்ணத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

எஞ்சினியர் கேட்டிருக்கிறார். "வருஷம் பூரா தண்ணி நிக்குமா?"

"எப்பவும் நிக்கும் சார். நான் பொறந்த ஊரு" என்றார் அண்ணன்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த ஒவ்வொரு பொங்கலுக்கும் அங்கே தண்ணீர் நின்றது. அவர் பார்த்த ஒவ்வொரு தீபாவளிக்கும் நின்றது. நினைவு தெரிந்த பிறகு சித்திரையில் அவர் ஒருபோதும் ஊரில் இருந்ததில்லை.

சித்திரையில் எங்கள் ஏரி பின்வாங்கும். கோயில் எதிரில் தண்ணீர் இருந்த இடம் சேறாகும், மேல்பொருக்கு காய்ந்து பிளக்கும். கண்ணுக்கு எட்டுகிற தூரத்தின் கடைசியில்தான் தண்ணீர் ஒரு கோடு மாதிரித் தெரியும். பொருக்கைப் பார்த்துத் தரை என்று நினைத்துக் காலை வைத்தால் தீர்ந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழமொழியாகச் சொல்லித் தருவதில்லை. அடித்துச் சொல்லித் தருவோம்.

அந்த முதல் சித்திரையில், காண்டிராக்டர் ஆட்கள் காய்ந்த சேற்றில் தூண் இறக்கிக்கொண்டிருந்தபோது, அண்ணன் பால்வாடிக்கு வந்தார். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. வாசற்படியில் உட்கார்ந்தார்.

"வருசா வருசம் இப்பிடித்தான் வத்துமா?"

"ஆமாண்ணா. பங்குனி கடைசில ஆரம்பிச்சா, மழ வர்ற வரைக்கும்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"ஏரில பொழைக்கிறவங்களுக்குத் தெரியாதா இன்னா?"

அவர் தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் கை மடிப்பைப் பிரித்து, மறுபடி மடித்தார்.

"அப்ப ஏம்மா எனக்கு யாரும் சொல்லல?"

உள்ளே ஒரு பிள்ளை சிணுங்கியது, நான் எழுந்து போனேன். அதற்குப் பிறகு அவர் எத்தனை தடவை ஆபீஸுக்கு அலைந்தார் என்பது எனக்குத் தெரியும். செருப்புத் தேய்ந்தது என்று சும்மா சொல்வார்கள், நான் கண்ணால் பார்த்தேன். நீங்கள்தானே இடம் காட்டினீர்கள், நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று ஒரே பதில். வடகோடிவரை கால்வாய் வெட்டித் தாருங்கள் என்று கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். ஊர்க்காரர்களிடம் நாமே வெட்டலாமா என்று கேட்டார். "சீட்டுல வந்த தலைவரு நீங்க, எல்லாம் நல்லதாத்தான் நடக்கும்" என்று சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போனார்கள். கிண்டல் இல்லை, நம்பித்தான் சொன்னார்கள்.

மழை வந்தது, ஏரி நிறைந்தது. வெள்ளையடித்த துறையின் காலடியில் தண்ணீர் அலம்பியபோது பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மாலை போட்ட மோட்டார் போட் வந்தது. தங்கைதான் முதலில் ஏறினாள். விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணனைப் போல நடித்துக் காட்டினாள். ஊர் சித்திரையை மறந்துவிட்டது. போட் வந்ததால் முள் மண்டிக் கிடந்த வடகோடித் துறையையும் மறந்துவிட்டது. அண்ணன் மட்டும் மறக்கவில்லை. ஏனென்றால் அப்போது தங்கைக்கு நாள் தள்ளியிருந்தது. பிரசவம் வைகாசியில் என்றார்கள். சித்திரை முடிவதற்குள் அவளைப் பொன்னேரியில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு தெரிந்தவர் வீட்டில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அண்ணன் அந்த வீட்டுக்குப் பாயும் தலையணையும்கூட வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

சித்திரை பாதியில், ஒரு காலை வேளையில், அவளுக்கு வலி கண்டது.

தோணிகளும் கட்டுமரங்களும் கடலுக்குப் போயிருந்தன. அவள் புருஷனும் கடலில். வடகோடியில் ஒரு தோணிகூட இல்லை. மோட்டார் போட் இருந்தது, ஆனால் சேற்றுக்கு அப்பால், தண்ணீர் இருக்கிற இடத்தில், கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது. அதை வடகோடிக்குச் சுற்றிக் கொண்டுவர நேரமில்லை. நாங்கள் அவளைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்துத் துறைப் படிகளில் இறக்கினோம். கடைசிப் படிக்குக் கீழே தண்ணீர் இருக்க வேண்டும். பொருக்கு வெடித்த சேறுதான் இருந்தது.

முன்பக்கம் அன்று கடலுக்குப் போகாமலிருந்த எதிர்த்தெரு மாமாவும் அண்ணனும் தூக்கினார்கள். பின்பக்கம் நானும் இன்னும் இரண்டு பெண்களும். சேற்றில் நடப்பது ஒரு பழக்கம். காலை நேராக ஊன்றினால் உள்ளே இழுக்கும், பக்கவாட்டில் தேய்த்து வைக்க வேண்டும். அண்ணனுக்கு அது தெரியாது. நான்கு எட்டு வைப்பதற்குள் தொடைவரை புதைந்தார். கட்டில் சாய்ந்தது. எழுந்தார், மறுபடி புதைந்தார். சட்டை, முகம், தலை எல்லாம் சேறு. அவர் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலைத் தன் பக்கம் ஏந்திக்கொண்டார்.

கட்டிலில் கிடந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அந்த வலியிலும் அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"நேரா வெக்காதண்ணா. தேச்சாப்புல வெய்யி. ஆங்... அப்பிடித்தான்."

கொஞ்ச தூரம் போனதும், "மெதுவா, பட்டணத்தாரே" என்றாள். அவள் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

போட்டில் ஏற்றும்போது உயிர் இருந்தது. பழவேற்காட்டுக் கரை தெரிகிற நேரத்தில் இல்லை. பிள்ளையும் இல்லை. போட்டை அப்படியே திருப்பினோம். திரும்பி வரும்போதும் அதே சேறு இருந்தது, அதே மாதிரித் தூக்கிக்கொண்டு நடந்தோம். அண்ணன் இப்போது ஒரு தடவைகூடப் புதையவில்லை. அவள் சொல்லிக் கொடுத்த மாதிரியே நடந்தார். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் மாமா பால்வாடிக்கு வந்தார். உள்ளே வராமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எஞ்சினீரு வந்த அன்னிக்கி நான் அங்கதான் குந்திக்கினு வலை முடிஞ்சிக்கினு இருந்தேன். உங்கண்ணன் எடத்தக் காட்டறப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்ச்சி. ஆனா வாயத் தொறந்தா, சீட்டுல தோத்தவன் வயித்தெரிச்சல்ல பேசுறான்னு சொல்லுவாங்க. சாமி குடுத்ததுக்குக் குறுக்க நிக்கிறான்னு சொல்லுவாங்க. தலைய குனிஞ்சிக்கினேன்."

ஊரோடு சண்டை போடுகிறவர் என்று பெயரெடுத்த மனிதர், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வாயை மூடியிருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பிறகு நைனாமேல் வந்தது, ஊர்மேல் வந்தது, அந்தக் குடத்தின்மேல் வந்தது. அண்ணன்மேல் மட்டும் வரவில்லை. யோக்கியன், கை சுத்தம், நம்ம பிள்ளை என்பதெல்லாம் அவருக்குப் பொருந்தும். காண்டிராக்டர் கொடுத்த டீயைக்கூடக் குடிக்காதவர். ஆனால் ஒருவன் தலைவனாவதற்கு முன்னால் அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று ஊர் பார்த்திருக்க வேண்டாமா? தெரியாததைத் தெரியாது என்று அவன் உணர்வதற்காவது ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே. ஒரு தோணிக்குக் கொடுத்த மரியாதையை என் அண்ணனுக்கு யாரும் கொடுக்கவில்லை.

அண்ணன் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டார். மறுபடி ஆளைத் தேட வேண்டுமே என்று ஊர் கூடியது. அதே கோயில், அதே குடம். மாமாவின் பெயரும் இன்னொருவரின் பெயரும் ஓலையில் கீறித் தயாராக இருந்தன. அதுவரை வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்த அண்ணன் எழுந்துபோய், பூசாரிக்கும் குடத்துக்கும் நடுவில் நின்றார். மெலிந்துபோயிருந்தார். தலை வாரியிருக்கவில்லை.

"ஓலைய எடுக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கணும்" என்றார்.

அவர் மாமா பக்கம் திரும்பினார்.

"மாமா, சித்திரையில நான் கட்டின துறையாண்ட எவ்ளோ தண்ணி நிக்கும்?"

மாமா தரையைப் பார்த்தார். "தண்ணி ஏதுப்பா. சேறுதான்."

"எவ்ளோ சேறு?"

"இன்னாத்துக்குடா என்னாண்ட கேக்கற? அந்தப் பொண்ணத் தூக்கினு போனவன்டா நானு." மாமா தன் தொடையைத் தொட்டுக் காட்டினார்.

"அதுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

அண்ணன் கூட்டத்தைப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை. பால்வாடிப் பிள்ளை ஒன்று தெரியாததைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

"முன்னாடியே தெரிஞ்சவங்கல்லாம் கையத் தூக்குங்க."

முதலில் மாமா தூக்கினார். அவருக்குப் பக்கத்தில் ஒருவர். அப்புறம் அந்த வரிசை. ஆண்கள் பக்கம் முழுவதும் மெல்ல மெல்லக் கைகள் எழுந்தன. பெண்கள் பக்கத்திலும் எழுந்தன. என் கையும் எழுந்தது. பூசாரி ஓலைக்காகக் குடத்தினுள் விட வேண்டிய கையை உயர்த்தினார். கடைசியாக நைனா. தூக்கிய கையை மற்றொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் இரண்டு தெருவும் ஒரே மனதாகக் கை தூக்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அத்தனை பேருக்கு நடுவில் கையைத் தூக்காமல் நின்றவர் என் அண்ணன் ஒருவர்தான்.